கல்லில் எஞ்சிய நான்கு மொழிகள்: முதலில் எதைப் படிப்பது?

தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தில் நாலைந்து கல்வெட்டுகளைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டவருக்கு அந்த ருசி லேசில் விடாது. அடுத்து என்ன என்று தேட ஆரம்பிப்பார். அப்படித் தேடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் (சமஸ்கிருதம், கிரேக்கம், ஆங்கிலம் எல்லாம் அதில்தான்), பேச ஆளில்லாமல் போய், கல்லிலும் களிமண்ணிலும் மட்டும் எஞ்சிய ஒரு மொழியைப் படிக்கணும். பழம்பாரசீகம் நல்லதா, ஹிட்டைட்டா? லிசியன் சுலபம் என்கிறார்களே? கௌலிஷ் எப்படி?"

கேட்பவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாளைக்கு அரை மணி, முக்கால் மணி கிடைக்கும். சொல்லித்தர ஆசிரியர் கிடையாது. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாகப் படிக்கப் போகிறவருக்கு என் பதில் வேறாக இருக்கும்.

நான் தொடங்கியது ஹிட்டைட்டில். எழுத்தில் கிடைத்த இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் அதுதான் மூத்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆப்பெழுத்துக் குறிகளின் (ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன எழுத்து) பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு ஒன்றாம் எண்ணிலிருந்து மனப்பாடம் செய்தேன். நான்கு மாதம் கழித்தும் ஒரு வாக்கியத்தை முழுசாகப் படிக்க முடியவில்லை. மூடி வைத்த புத்தகத்தை இரண்டு வருடம் தொடவில்லை. அப்புறம் பழம்பாரசீகத்தைக் கையில் எடுத்தேன். மூன்றாவது வாரம் பாரசீகப் பேரரசன் தாரியஸின் முதல் வரியைக் கல்வெட்டுப் படத்திலிருந்தே படித்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மொழியின் வயதையும் புகழையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தது தப்பு. உண்மையான ஒரு வரியை எவ்வளவு சீக்கிரம் தனியாகப் படிக்க முடியும், படித்தால் அது யார் குரலில் பேசும் என்ற இரண்டையும்தான் முதலில் பார்த்திருக்கணும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் எழுத்து. எத்தனை குறிகள், எத்தனை நாளில் கைவரும் என்று பாருங்கள். வேலை முடித்து வந்து படிப்பவருக்கு முதல் இரண்டு மாதத்தில் பலன் தெரியாவிட்டால் ஆர்வம் வடிந்துவிடும்.

அடுத்து, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, அதில் எவ்வளவு புரிகிறது. இவை இரண்டும் வேறு வேறு. எழுத்து முழுக்கப் படிக்க முடிந்தும் பொருள் பாதிகூடத் தெரியாத மொழி உண்டு.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காத செலவு: துணைமொழி. அகராதியும் உரையும் ஜெர்மனிலோ பிரெஞ்சிலோ மட்டும் இருந்தால், நீங்கள் ஒரு மொழிக்குப் பதிலாக இரண்டு மொழி படிக்க வேண்டிவரும்.

நான்காவது, நம் கையில் ஏற்கெனவே இருக்கும் முதல். தமிழில் புழங்கும் வடசொற்கள் நமக்கு நூற்றுக்கணக்கில் தெரியும். அவற்றின் உறவுச் சொற்கள் எந்த மொழியில் வெளிப்படையாகத் தெரிகின்றனவோ அங்கே நடை எளிதாகும்.

கடைசியாக, குரல். அரசன் பேசுகிறானா, பூசாரியா, கல்லறை கட்டிய குடும்பத் தலைவனா, குயவனா? ஒரு வருடம் அந்தக் குரலோடு உட்கார்ந்திருக்கப் போவது நீங்கள்தான்.

| | பழம்பாரசீகம் | ஹிட்டைட் | லிசியன் | கௌலிஷ் |
|---|---|---|---|---|
| இடம் | ஈரான் | துருக்கியின் நடுப்பகுதி | துருக்கியின் தென்மேற்குக் கரை | பிரான்ஸும் சுற்றுவட்டாரமும் |
| காலம் | கி.மு. 6–4 நூற்றாண்டு | கி.மு. 17–12 நூற்றாண்டு | கி.மு. 5–4 நூற்றாண்டு | கி.மு. 3 முதல் ரோமானியர் காலம் வரை |
| எழுத்து | 36 ஒலிக்குறி, 8 சொற்குறி | சுமார் 375 குறி | 29 எழுத்து | கிரேக்க, லத்தீன் எழுத்துகள் |
| மிஞ்சியவை | ஒரே புத்தகத்தில் அடங்கும் | சுமார் 30,000 பலகைகளும் துண்டுகளும் | சுமார் 200 கல்வெட்டு, நாணயங்கள் | 800-க்கு மேல், பெரும்பாலும் சிறியவை |
| புரிவது | ஏறக்குறைய எல்லாம் | பெரும்பகுதி | கல்லறை வாசகங்கள் நன்றாக. நீளமானவை குறைவாக | சிறியவை ஓரளவு. நீளமானவை விவாதத்தில் |
| துணைமொழி | ஆங்கிலம் போதும் | ஆங்கிலம், பிறகு ஜெர்மன் | ஆங்கிலம், கொஞ்சம் கிரேக்கம் | பிரெஞ்சு, லத்தீன் |
| முதல் வரி (என் கணக்கு) | 3 வாரம் | எழுத்துப்பெயர்ப்பில் (ரோமன் எழுத்தில் மாற்றி எழுதியதில்) 6 வாரம் | 1 வாரம் | ஒரே நாள் |

இன்றைய சீனாவின் மேற்கே பேசிய டொக்காரியனைச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது பெரும்பாலும் சுவடிகளில் வாழ்ந்த மொழி. துருக்கியின் இன்னொரு பழைய மொழியான பிரிஜியனையும் சிலர் கேட்கிறார்கள். மைதாஸ் அரசன் பெயர் பொறித்த பாறை முகப்பு கண்ணைப் பறிப்பது உண்மைதான். ஆனால் ஒரு வருடம் உட்கார்ந்து படிக்கிற அளவுக்கு அதில் வாசகம் இல்லை.

## பழம்பாரசீகம்

மேற்கு ஈரானில் கெர்மான்ஷா பக்கத்தில் பெஹிஸ்தூன் மலை. தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான பாறையில், கி.மு. 520 வாக்கில் முதலாம் தாரியஸ் தன் வெற்றிகளைப் பழம்பாரசீகம், ஈலமைட், பாபிலோனியம் என்ற மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான். 1835-இல் தொடங்கி அதைப் படியெடுத்தவர் ஹென்றி ராலின்சன். எட்டாத பாபிலோனியப் பகுதிக்குப் பாறையைப் பற்றி ஏறி, ஈரக் காகிதத்தை அழுத்திப் படியெடுத்தது ஒரு குர்திஷ் சிறுவன். அவன் பெயர் எங்கும் பதிவாகவில்லை. இந்தக் கல்வெட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவனையும் குறிப்பிட வேண்டும் என்று நினைப்பேன்.

எழுத்து ஆப்பு வடிவம்தான், ஆனால் பயப்பட வேண்டாம். மூன்று உயிர்க்குறி, 33 உயிர்மெய்க்குறி, ஒரு சொல் முடிந்ததும் சாய்வாக ஒரு ஆப்பு. மெய்யோடு அகரம் தானாகவே சேர்ந்து வரும் முறை நமக்குப் பழகியதுதான். 'அரசன்', 'நாடு', 'கடவுள்' போன்ற சில சொற்களுக்கு மட்டும் தனிக்குறி. ஒரு தாளில் 36-ஐயும் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைத்தால் பத்து நாளில் வந்துவிடும்.

முதல் பாடமாக நக்ஷ்-இ ருஸ்தம் கல்லறையில் தாரியஸ் வெட்டிவைத்த தொடக்கத்தைப் பரிந்துரைப்பேன்:

*பக வஸ்ரக அவுரமஸ்தா, ஹ்ய இமாம் பூமிம் அதா, ஹ்ய அவம் அஸ்மானம் அதா, ஹ்ய மர்தியம் அதா, ஹ்ய ஷியாதிம் அதா மர்தியஹ்யா.*

"பெருங்கடவுள் அவுரமஸ்தா, அவரே இந்தப் பூமியைப் படைத்தார், அந்த வானத்தைப் படைத்தார், மனிதனைப் படைத்தார், மனிதனுக்கு இன்பத்தைப் படைத்தார்." வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'இமாம் பூமிம்' என்பதற்கு அகராதியே தேவையில்லை. 'அஸ்மானம்' இந்திப் பாட்டில் கேட்கும் ஆஸ்மான். கடைசிச் சொல்லில் ஒரு இலக்கணப் பாடமும் இருக்கிறது. 'மர்தியஹ்யா' வடிவத்தில் ஆறாம் வேற்றுமை, 'மனிதனுடைய'. பொருளோ 'மனிதனுக்கு'. பழம்பாரசீகத்தில் நான்காம் வேற்றுமை மறைந்துபோய், அதன் வேலையையும் ஆறாம் வேற்றுமையே பார்க்கிறது. சமஸ்கிருத '-அஸ்ய' இங்கே '-அஹ்யா' ஆகிறது. ஒரே வரியில் இவ்வளவும் கிடைக்கிறது.

இந்த எழுத்தை முதலில் உடைத்தவர் கோட்டிங்கனில் பள்ளி ஆசிரியராக இருந்த குரோட்டஃபென்ட், 1802-இல். "இன்னார், பேரரசன், அரசர்க்கரசன், இன்னாரின் மகன்" என்ற வாய்பாடு திரும்பத் திரும்ப வரும் என்று ஊகித்தார். ஒரு இடத்தில் தந்தையின் பெயரோடு 'அரசன்' பட்டம் வரவில்லை. அரசனாக இல்லாத தந்தைக்குப் பிறந்து அரசனானவன் யார்? விஷ்தாஸ்பனின் மகன் தாரியஸ். சாவி அங்கே கிடைத்தது. இன்றும் 'விஷ்தாஸ்பஹ்யா புஸ' என்ற இரண்டு சொல்லைப் படிக்கும்போது, அவர் நின்ற அதே இடத்தில் நாமும் நிற்கிறோம். 'புஸ' வேறொன்றும் இல்லை, புத்திரன்.

பெஹிஸ்தூனில் தாரியஸ் ஓயாமல் திட்டுவது 'த்ரௌக' என்பதை. பொய், வஞ்சகம் என்று பொருள். நம் துரோகத்தின் உடன்பிறப்பு. கலகக்காரர்கள் ஒவ்வொருவரையும் "இவன் பொய் சொன்னான், நானே அரசன் என்றான்" என்று வரிசைப்படுத்துகிறான்.

மறைந்திருக்கும் செலவு. முதல் செலவு, சரக்கு சீக்கிரம் தீர்ந்துவிடும். பெஹிஸ்தூன், பெர்செபோலிஸ், சூசா, நக்ஷ்-இ ருஸ்தம் எல்லாம் சேர்த்து ஒரே புத்தகத்தில் அடங்குகின்றன. ரோலண்ட் கென்ட் 1950-இல் வெளியிட்ட நூலில் இலக்கணம், மூலம், சொற்பொருள் மூன்றும் இருக்கின்றன. ஒரு வருடத்தில் கணிசமான பகுதியைப் படித்துவிடலாம். அதற்கு மேல் போக ஜொராஸ்டிரிய மறைநூலான அவெஸ்தாவின் மொழி வேண்டும், அது தனி மலை.

இரண்டாவது, எழுத்து சொல்லாமல் விடுபவை. மெய்க்கு முன் வரும் மூக்கொலியை எழுத மாட்டார்கள். சிந்து நாட்டின் பெயரை 'ஹிந்துஷ்' என்று நாம் படிக்கிறோம், கல்லில் ந் கிடையாது. மூன்றாவது, தெரிந்த சொல் என்ற தைரியம் காலை வாரும். தாரியஸின் மகன் செர்க்சஸ் ஒரு கல்வெட்டில் 'தைவ' வழிபாட்டிடத்தை இடித்தேன் என்கிறான். நம் தேவனோடு ஒரே வேர்தான். ஆனால் அங்கே அது தள்ளவேண்டிய பொய்க் கடவுள்.

நான்காவது செலவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேசுவது ஏறக்குறைய எப்போதும் அரசன்தான். சமையல் இல்லை, சண்டை சச்சரவு இல்லை, ஒரு சாமானியனின் சொல் கிடையாது.

யாருக்கு இது சரி: தனியாகப் படிப்பவர், முதல்முறை தொடங்குபவர், வடமொழிச் சொற்கள் ஓரளவு தெரிந்தவர்.

## ஹிட்டைட்

நான் தோற்றுப்போய்த் திரும்பி வந்த மொழி. இன்று நான்கில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

1906-இல் ஹியூகோ விங்க்லர் துருக்கியின் பொகாஸ்கோயில் அகழ்ந்தபோது ஹத்துசா என்ற தலைநகரின் ஆவணக் கிடங்கு வெளியே வந்தது. களிமண் பலகையைக் கல்வெட்டு என்று சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். ஈர மண்ணில் கீறியதும் பொறிப்புதான் என்பது என் எண்ணம். எழுத்து படிக்க முடிந்தது, ஏனென்றால் பாபிலோனியர்களின் ஆப்பெழுத்து. மொழிதான் என்னவென்று தெரியவில்லை. 1915-இல் செக் அறிஞர் பெத்ரீஹ் ஹ்ரோஸ்னி ஒரு வரியில் நின்றார்:

*நு நிண்டா-அன் எத்ஸத்தேனி, வாதர்-ம எகுத்தேனி.*

'நிண்டா' சுமேரியச் சொற்குறி, ரொட்டி என்று ஏற்கெனவே தெரியும். ரொட்டி என்றால் பக்கத்தில் சாப்பிடுவது வரும். 'எத்ஸ' என்பது ஜெர்மன் மொழியின் 'எஸ்ஸன்' போல் கேட்டது. அப்படியானால் 'வாதர்' தண்ணீராகத்தான் இருக்கணும். "ரொட்டி உண்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள்." இப்படி ஒரு சாதாரணச் சாப்பாட்டு வரியில் ஒரு மொழி திரும்பக் கிடைத்தது. அந்த வாதரோடு நம் உதகத்துக்கும் வேர் உறவு உண்டு.

வடமொழி இலக்கணம் தொட்டவர்களுக்கு ஒரு இணை காட்டுகிறேன். 'அடிக்கிறான்' ஹிட்டைட்டில் குவென்த்ஸி, 'அடிக்கிறார்கள்' குனன்த்ஸி. சமஸ்கிருதத்தில் ஹந்தி, க்னந்தி. ஒருமையில் இருக்கும் உயிர் பன்மையில் நழுவிப்போவது இரண்டிலும் ஒரே மாதிரி. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு மொழிகள் ஒரே பழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று. எலும்புக்கு ஹிட்டைட்டில் 'ஹஸ்தாய்'. நாம் ஆற்றில் கரைக்கும் அஸ்திதான். முன்னால் இருக்கும் அந்த ஹகரத்துக்கு ஒரு கதை உண்டு. 1879-இல், இருபத்தோரு வயது மொழியியலாளர் சோசூர், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் பிற்காலத்தில் தொலைந்துபோன ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டே சொன்னார். அப்போது ஹிட்டைட்டைப் படிக்க யாராலும் முடியாது. 1927-இல் குரிலோவிச் என்ற போலந்து அறிஞர், அவர் சொன்ன இடங்களில் ஹிட்டைட்டில் ஹகரம் உட்கார்ந்திருப்பதைக் காட்டினார்.

குரல்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. சுமார் 200 சட்டப்பிரிவுகள், வழிபாட்டுக் குறிப்புகள், பிரார்த்தனைகள், கதைகள். தெலிபினு என்ற கடவுள் கோபித்துக்கொண்டு போய்விட, பனிமூட்டம் சன்னலைப் பிடித்தது, புகை வீட்டைப் பிடித்தது, அடுப்பில் கட்டை மூச்சுமுட்டியது, ஆடு தன் குட்டியையும் பசு தன் கன்றையும் ஒதுக்கியது என்று போகும் ஒரு கதை. அவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு தேனீயை அனுப்புகிறார்கள். ஹிட்டைட் அரசன் இரண்டாம் முர்சிலி, நாட்டில் இருபது வருடமாகக் கொள்ளைநோயில் ஜனங்கள் சாகிறார்களே என்று கடவுளிடம் முறையிடுகிறான். இன்னொரு பலகையில், இடிமழையில் பயந்துபோய் வாயில் சொல் சிறுத்துவிட்டது என்று தன் பேச்சு போனதையே சொல்கிறான். மூவாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய அரசன் ஒருவன் "எனக்குப் பேச வரவில்லை" என்று சொல்லிக் கேட்பது வேறு எந்த மொழியிலும் எனக்குக் கிடைக்காத அனுபவம்.

இந்தியாவோடு நேர்த்தொடர்பும் இந்தக் கிடங்கில் இருக்கிறது. வட சிரியாப் பக்கம் இருந்த மித்தன்னி அரசோடு செய்த உடன்படிக்கையில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் சாட்சிகள். மித்தன்னியிலிருந்து வந்த கிக்குலி என்ற குதிரைப் பயிற்சியாளர் சுற்றுகளை எண்ணும்போது 'ஐக', 'பன்ஸ', 'சத்த' என்று எண்ணுகிறார். ஏக, பஞ்ச, சப்த என்று நமக்கே புரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு. இங்கே அது பெரியது. ஹிட்டைட் எழுத்தர்கள் பாதிச் சொற்களைச் சுமேரிய, அக்காடியக் குறிகளாகவே எழுதிவிட்டு, விகுதியை மட்டும் தங்கள் மொழியில் ஒட்டினார்கள். நாம் '5-க்கு', '10-இல்' என்று எழுதுகிறோமே, அதே போல. '5-க்கு' என்பதை ஐந்துக்கு என்று நாம் படிக்கிறோம். மூவாயிரம் வருடம் கழித்து வருகிறவருக்கு '-க்கு' தெரியும், ஐந்து தெரியாது. ஹிட்டைட் எண்ணுப்பெயர்கள் பலவற்றுக்கு இதுதான் நிலைமை. குதிரைக்கும் அப்படியே: விகுதி இருக்கிறது, சொல் குறிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் சுமேரியமும் கொஞ்சம் அக்காடியமும் தெரியாமல் பக்கத்தைத் தாண்ட முடியாது.

அகராதிச் செலவும் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய ஹிட்டைட் அகராதி இணையத்தில் இலவசம்தான். ஆனால் அது லகரத்தில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. அதற்கு முந்தைய எழுத்துகளில் ஆழமாகத் தேடினால் பெரும்பாலும் ஜெர்மன் நூல்கள்தான் எதிரே நிற்கும். இலக்கணத்துக்கு மட்டும் கவலை இல்லை: ஹாஃப்னரும் மெல்சர்ட்டும் 2008-இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தோடு பாடப் பயிற்சி நூலும் இருக்கிறது.

நான் செய்த தவறை நீங்கள் செய்ய வேண்டாம். குறிகளை ஒதுக்கிவையுங்கள். முதல் ஆறு மாதம் எழுத்துப்பெயர்ப்பில் மட்டும் படியுங்கள். மொழி கைக்கு வந்தபின் குறிகள் தாமாக நினைவில் நிற்கும்.

யாருக்கு இது சரி: இரண்டு வருடமாவது ஒதுக்க முடிந்தவர், மனிதக் குரல் வேண்டும் என்பவர், மொழிக் குடும்ப வரலாற்றில் ஆர்வமுள்ளவர்.

## லிசியன்

ஹிட்டைட்டின் உறவுக்கார மொழி, ஆனால் எட்டு, ஒன்பது நூற்றாண்டு பிந்தியது. துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில், பாறையைக் குடைந்த வீடு போன்ற கல்லறைகளின் மேல் இருக்கிறது. 29 எழுத்து, கிரேக்க எழுத்தின் சாயல். கிரேக்கம் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுவார்கள், ஏனென்றால் கிரேக்க எப்சிலன் வடிவம் இங்கே இகரம். எதுவும் தெரியாதவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

பெரும்பாலான கல்வெட்டுகள் ஒரே வாய்பாட்டில் வருகின்றன: *எபெந்நெ க்ஹுபா மெதி ப்ர்ந்நவதெ* ... *ஹ்ர்ப்பி லதி எஹ்பி செ திதெய்மெ.* "இந்தக் கல்லறையைக் கட்டியவர் இன்னார், தம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்." நடுவில் பெயர் மட்டும் மாறும். இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டால், லிசியக் கல்லறைப் படம் எதைப் பார்த்தாலும் கட்டியவர் பெயரை நீங்களே எடுத்துவிடலாம். தனியாகப் படிப்பவருக்கு இந்தச் சந்தோஷம் சின்னதில்லை. வாசகத்தின் முடிவில் கல்லறையைச் சிதைப்பவருக்குச் சாபமும் வரும். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளின் கடைசி வரி பழகியவர்களுக்கு அந்தத் தொனி உடனே பிடிபடும்.

1973-இல் லேத்தூனில் லிசியன், கிரேக்கம், அரமேயம் மூன்றும் கொண்ட ஒரு கல் கிடைத்தது. அதனால் பல சொற்களின் பொருள் உறுதியானது.

மறைந்திருக்கும் செலவு: ஆரம்ப வேகம் நிலைக்காது. கல்லறை வாய்பாட்டைத் தாண்டியதும் தரை சட்டென்று இறங்கிவிடும். க்சாந்தோஸில் நாலு பக்கமும் எழுதிய பெரிய தூண் இருக்கிறது. எழுத்தெல்லாம் படிக்கலாம், பொருள் பெரும்பகுதி தெளிவில்லை. மெல்சர்ட்டின் 2004 அகராதியில் கேள்விக்குறிகள் நிறைய. ஹிட்டைட் தெரியாமல் அந்தக் கேள்விக்குறிகளோடு மல்லுக்கட்டுவது வீண்.

யாருக்கு இது சரி: துருக்கிக்குப் பயணம் போகப் போகிறவர், அல்லது புதிரை விடுவிக்கும் ஆசை உள்ளவர். மற்றவர்களுக்கு ஹிட்டைட்டுக்குப் பின் இரண்டாவது மொழியாக அருமை.

## கௌலிஷ்

எழுத்துக்கு உழைப்பே வேண்டாம். தெற்கே கிரேக்க எழுத்தில், பிறகு லத்தீன் எழுத்தில் எழுதினார்கள். ஜூலியஸ் சீசர் படையெடுத்த மக்களின் மொழி, கெல்டிக் கிளை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் லா கிராஃபசாங்கின் குயவர்கள். தெற்கு பிரான்ஸில் மியோ ஊருக்குப் பக்கத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், ஒரே சூளையில் பலருடைய சட்டிகளைச் சேர்த்துச் சுட்டார்கள். யாருடையது எத்தனை என்ற கணக்கை ஒரு தட்டில் கீறிவைத்தார்கள். ஒவ்வொரு சூளைக்கும் வரிசை எண் இருக்கிறது. மூன்றிலிருந்து படியுங்கள்: த்ரிதொஸ், பெதுவரியொஸ், பின்பெதொஸ், சுவெக்ஸொஸ், செக்ஸ்தமெதொஸ், ஒக்ஸ்துமெதொஸ், நமெதொஸ், தெகமெதொஸ். இப்போது நாள்காட்டியைப் பாருங்கள்: திருதியை, சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி. எட்டுக்கு எட்டும் உறவு. பிரான்ஸில் ஒரு குயவர் சூளைக் கணக்கில் எழுதியதும் நம் வீட்டுச் சுவரில் தொங்குவதும் ஒரே வரிசை.

நாள்காட்டி என்றதும் இன்னொன்று. 1897-இல் கொலினியில் உடைந்த வெண்கலப் பலகை கிடைத்தது. ஐந்து வருடப் பஞ்சாங்கம். சந்திர மாதங்கள், கணக்கைச் சரிசெய்ய இரண்டு அதிக மாதங்கள், மாதம் இரண்டு பாதியாகப் பிரிவு, 'மத்' என்றால் நல்லது, 'அன்மத்' என்றால் நல்லதல்ல. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்தவருக்கு இதன் அமைப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நூல் நூற்கும் தக்ளியின் குண்டில் கீறிய வாசகங்களும் உண்டு. *நத விம்பி குர்மி த* என்பது ஒன்று: "அழகுப் பெண்ணே, பீர் தா."

மறைந்திருக்கும் செலவு: பிரெஞ்சு. மூலத் தொகுப்பும் டெலமார் அகராதியும் பிரெஞ்சில். அது தெரியாவிட்டால் இந்த மொழிப் பக்கம் போகாதீர்கள் என்றே சொல்வேன். இன்னொரு செலவு, நிச்சயமின்மை. 1983-இல் லார்சாக்கில் ஒரு பெண்ணின் கல்லறையில் கிடைத்த ஈயப் பலகை நீளமானது. பெண்களின் மந்திரம் பற்றிப் பேசுகிறது என்பது வரை தெரியும். வரிக்கு வரி என்று வந்தால் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு. வினைவடிவங்கள் போதுமான அளவு கிடைக்காததால் இலக்கணத்தில் ஓட்டைகள் இருக்கின்றன.

யாருக்கு இது சரி: பிரெஞ்சு தெரிந்தவர், குறிப்பாகப் பிரான்ஸிலோ புதுச்சேரியிலோ பிரெஞ்சு வழியில் படித்த தமிழர். அவர்களுக்கு நான்கில் இதுதான் மலிவானது.

## எதை எடுத்தாலும் வரும் ஒரு ஆபத்து

ஹிட்டைட்டில் தந்தைக்கு 'அத்தஸ்', தாய்க்கு 'அன்னஸ்'. பார்த்ததும் நமக்கு அத்தன், அன்னை என்று மனசு துள்ளும். எனக்கும் துள்ளியது. ஆனால் குழந்தை வாயில் முதலில் வரும் ஒலிகளிலிருந்து தாய் தந்தைப் பெயர்கள் பிறப்பது உலகம் முழுக்க நடக்கிறது. பீர் கேட்ட வரியில் வரும் கௌலிஷின் 'த'வும் நம் 'தா'வும் ஒத்துப்போவதும் தற்செயல்தான். உறவு என்று சொல்ல வேண்டுமானால் சூளைக் கணக்கில் பார்த்தது போல வரிசையாக, முறை தவறாமல் பொருந்த வேண்டும். ஒற்றைச் சொல்லை வைத்துத் தமிழை ஹத்துசாவுக்குக் கொண்டுபோகும் பதிவுகள் ஏராளம் சுற்றுகின்றன. தமிழ் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் அவற்றை முதலில் மறுக்கணும்.

## நான் என்ன சொல்வேன்

பெரும்பாலானவர்களுக்குப் பழம்பாரசீகம். ஒரு வருடம், கையில் ஒரு புத்தகம், முடிவில் தாரியஸை மூலத்தில் படித்த நிறைவு. அதன்பின் நேரமும் ஆசையும் இருந்தால் ஹிட்டைட். டெக்சஸ் பல்கலைக்கழகம் ஆஸ்டினில் நடத்தும் மொழியியல் மையத்தின் இலவசப் பாடங்களில் இவை இரண்டுக்கும் தொடர் உண்டு. பணம் போடும் முன் அவற்றில் இரண்டு பாடம் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே சமஸ்கிருதம் நன்றாகத் தெரிந்தவர் மட்டும் நேராக ஹிட்டைட்டுக்குப் போகலாம். பழம்பாரசீகம் அவருக்கு இரண்டு மாத வேலை, எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இன்னும் தடுமாற்றமாக இருந்தால், மேலே கொடுத்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதி ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருங்கள்: பூமியைப் படைத்த கடவுள், ரொட்டியும் தண்ணீரும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கட்டிய கல்லறை, பீர் கேட்கும் தக்ளி. பேருந்தில் போகும்போது எந்த வரி வாயில் வருகிறதோ அந்த மொழியை எடுங்கள். என் நண்பர் ஒருவருக்குப் பழம்பாரசீகத்தைத்தான் சொல்லியிருந்தேன். வாரம் முடிந்ததும் போன் செய்து "செ திதெய்மெ" என்றார். லிசியன் தொடங்கிவிட்டார், நானும் தடுக்கவில்லை.